பொட்டு வைத்த பேட்டரி

திருத்தணி மலையடிவாரத்துக் கடையொன்றில் சார்ஜ் தீர்ந்துபோன மின்சார ஆட்டோ பேட்டரியைக் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏறியதை வாங்கிக்கொள்ளலாம். போன மாதம் ஒருநாள் நான் ஏறிய ஆட்டோக்காரருக்கு நரைத்த மீசை, சட்டைப்பையில் குங்குமப் பொட்டலம். வாங்கிய பேட்டரிக்குப் பொட்டு வைத்த பிறகே சீட்டுக்கடியில் இறக்கினார்.

"சாயங்காலம் இது வேற வண்டிக்குப் போயிடுமேங்க?" என்றேன்.

"ஆங், போவட்டும். வூட்டுக்கு வந்த பொண்ண வெறும் நெத்தியோட அனுப்புவாங்களா சார்?" என்று முறைத்தார்.

போன வாரம் வேறொரு ஆட்டோ. கண்ணாடியில் சிலுவை ஒட்டியிருந்தது. அதே கடையில் நிறுத்தி பேட்டரி மாற்றினார் ஓட்டுநர். கைக்கு வந்ததில் காய்ந்த பொட்டு.

"எத மாத்துனாலும் பொட்டு வச்சிகினுதான் வருது. யாரு வேலைன்னு தெர்லீங்க. தொடைக்கவும் மனசு வர்ல," என்று சிரித்தார்.

யார் வேலை என்று எனக்குத் தெரியும். பெயரைத்தான் கேட்டுவைக்கவில்லை.