மலைமேல் இடித்த இடி

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. சிவகாசிக்குப் பக்கத்தில், திருத்தங்கலில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து, இன்று ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம்.

கேரட் தோட்டம், ஓட்டு வீடுகள், எதிர்ச் சரிவில் மெல்ல எழும்பும் வெண்மேகம். கேமராவை எடுத்தேன்.

மலைக்குப் பின்னால் டமாரென்று ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டு மாரியக்கா அந்த மேகத்தையே பார்த்தபடி கேட்டார்: "எந்தக் கம்பெனிலே அது?"

"அக்கா, அது மேகம். இடி இடிக்குது. கம்பெனிக்குத்தான் லீவாச்சே?"

"தெரியும்லே. போன் எங்கன எடுக்கும்?"

டீக்கடை வாசலில் மட்டும்தான் சிக்னல். வேனில் வந்த அத்தனை பேரும் அங்கே போய் நின்றார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பியதற்கு மாரியக்காவை அவர் வீட்டுக்காரர் போனில் திட்டியது எனக்கே கேட்டது.

டீக்கடைக்காரர் பதறிப்போனார். "ஊர்ல யாருக்கும் ஏதாச்சும் ஆயிருச்சாக்கா?"

"ஒண்ணும் ஆகலைங்க. அதைக் கேக்கத்தான் போன் போட்டோம்."

இடிச் சத்தம் கேட்டதும் முதலில் மழையை நினைக்கிற சிவகாசிப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால், இங்கே கை தூக்குங்கள்.

என்னால் தூக்க முடியாது. டீக்கடை வாசலில் நானும் நின்றேன்.