தையல் டீச்சர் உட்கார்ந்திருந்த ஆய்வுக்கூடம்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் தோழியின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். வாரம் கடந்தும் அவள் வரவில்லை. நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம், மஞ்சள் காட்டுக்கு நடுவில் அவள் வீடு. எண்பதுகளின் தொடக்கம் அது. மேல்நிலை வகுப்புகள் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அறிவியல் பிரிவில் பெண்கள் நாங்கள் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். வகுப்பாசிரியர் அவள் பெயரைக் கூப்பிடுவார், பதில் வராது, அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஏன் வரவில்லை என்று கேட்டவர் ஒருவர்தான். அவர் எங்களுக்குப் பாடம் எடுப்பவர்கூட இல்லை. கீழ் வகுப்புப் பெண்களுக்குத் தையல் சொல்லித்தந்த டீச்சர்.

டீச்சருக்குச் சொந்த ஊர் சேலம் டவுன், மாதா கோயில் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். சிரித்துப் பேசுகிறவர் இல்லை. ஊசியைத் தொலைத்தால் நன்றாகத் திட்டுவார். ஒரு சனிக்கிழமை வழிகாட்ட என்னை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவளுடைய அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, "படிச்ச வரைக்கும் போதுங்க டீச்சர். அவளே போவமாட்டேங்கறா, நாங்க என்னங்க பண்றது?" என்றார். டீச்சர் வாதாடவில்லை. காட்டைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அவளையும் என்னையும் வரப்பில் அழைத்துப்போனார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

வேதியியல் வாத்தியார் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட எங்களை ஒவ்வொருத்தியாகத்தான் வரச் சொல்வார். தோளில் விழும் அந்தக் கையைப் பற்றி எங்களுக்குள் தெரியும். செய்முறைத் தேர்வு மதிப்பெண் அவரிடம் இருந்ததால் யாரும் பேசமாட்டோம். தீபாவளி விடுமுறைக்கு முதல்நாள் மாலை அவர் கதவைச் சாத்திவிட்டார் என்று சொன்னவள், அதற்குமேல் சொல்ல முடியாமல் நின்றாள். டீச்சரும் கேட்கவில்லை. "உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்ட சொல்லிராதீங்க டீச்சர். அவரு என்னயத்தானுங்க கொன்னு போடுவாரு."

திங்கட்கிழமை டீச்சர் தலைமை ஆசிரியர் அறைக்குள் போனார். தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லி என்னை வராந்தாவில் நிறுத்தியிருந்தார். கூப்பிடவே இல்லை. "பொம்பளப் புள்ளைங்க விசயம். வெளிய தெரிஞ்சா அடுத்த வருசம் ஒருத்தனும் புள்ளைய அனுப்பமாட்டான். நீங்க உங்க தையலப் பாருங்க" என்ற குரல் மட்டும் வெளியே கேட்டது. டீச்சர் முகம் சிவந்து வந்தார். "தையலப் பாக்கச் சொல்லிட்டாரு. பாக்கறேன்" என்றார்.

மறுநாள் செய்முறை வகுப்புக்கு நாங்கள் போனபோது, ஆய்வுக்கூடத்துச் சன்னலோரம் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துணி, கையில் ஊசி. "என்னங்க டீச்சர், இங்க?" என்றார் வாத்தியார். "எங்க ரூம்ல வெளிச்சம் பத்தலீங்க சார்." அதன்பின் பெண்களுக்குச் செய்முறை இருந்த நாளெல்லாம் அவர் அங்கே இருந்தார். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு கிளம்பும்போது நாங்களே வெளியே ஓடுவோம். அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இருமியபடி தைப்பார். ரெக்கார்டு நோட்டை நீட்டி நாங்கள் நிற்கும்போது மட்டும் ஊசி நின்றுவிடும். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வாத்தியார் கையெழுத்தைப் போட்டு நோட்டை மேசையில் தள்ளிவிடுவார். கடைசிப் பெண் கை கழுவிவிட்டு வெளியே வந்தபிறகுதான் அவர் துணியைச் சுருட்டுவார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பக்கத்து இடத்துக்காரி திரும்பி வரவில்லை. டீச்சர் இன்னும் இரண்டுமுறை போய்க் கேட்டும் பயனில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நாங்கள் பரீட்சை எழுதி வெளியேறிய கோடையில் டீச்சரை வாழப்பாடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். தன் வகுப்பை விட்டுவிட்டு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது புகார். பொய் என்று சொல்லவும் வழியில்லை.

நானும் ஆசிரியை ஆனேன். இன்று என் பள்ளிச் சுவரில் பிள்ளைகள் கூப்பிடத் தொலைபேசி எண் எழுதியிருக்கிறது. புகார்ப் பெட்டி இருக்கிறது. போன வருடம் சேலத்தில் தங்கை வீட்டில் படுக்கையாக இருந்த டீச்சரைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் போனப்புறம் அந்த ரூம்ல யாரு உக்காந்தா?" என்றார்.

"யாரும் இல்லீங்க டீச்சர்."

"அந்த ஆளு?"

ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார், பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள் என்றேன். எங்களுக்கு அடுத்த செட்டில் யாராவது படிப்பைப் பாதியில் விட்டு நின்றுபோனார்களா என்று கேட்டார். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. இரண்டு பெண்கள் என்றேன்.

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தபோது, "வாழப்பாடியில இருந்து ரெண்டு பஸ் மாறினா வந்திருக்கலாம் சாமி" என்றார்.