ஜெயராணி எடுத்துவிட்ட எச்சரிக்கை

ஜெயராணிக்கு எதையும் நிம்மதியாகச் செய்யத் தெரியாது. அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தவள். அவளைக் கட்டிக்கொண்ட நான் சொல்கிறேன், நம்பலாம்.

கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினாள். அது போதாதென்று இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் வளர்த்த ஒரு ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழி, அதாவது கணக்குச் சமன்பாடு மாதிரியே கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் மொழி. அதைப் புதிதாகக் கற்பவர்களுக்கான இங்கிலீஷ் பக்கங்களைத் திருத்திச் சீராக்குவது இவள் பொறுப்பு. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பாள். படிக்கிற பிள்ளை தலைகுனியும் என்று தோன்றினால் மாற்றிவிடுவாள். 'இது மிக எளிது' என்று எங்கே கண்டாலும் வெட்டுதான்.

"புரியாதவன் என்ன நெனப்பான் மாமா? இதுவே நமக்கு ஏறலியேன்னு ஒடிஞ்சி போயிடமாட்டானா?" என்பாள்.

'செய்யாதீர்கள்' என்று வந்தால் இன்னும் கோபம். சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து போய் அவள் படித்த கல்லூரியில், லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எதன்மேல் கை பட்டாலும் "தொடாத!" என்று ஓர் அதட்டல். முதல் வருஷம் பயத்திலேயே போயிற்று. அதனால் அந்தப் பக்கங்களில் இருந்த 'செய்யாதீர்கள்' அத்தனையையும் எடுத்துவிட்டு, 2011 டிசம்பர் கடைசியில் அனுப்பிவைத்தாள். ஜனவரி முதல் வாரம் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் 'தானே' புயல் வந்துவிட்டது. எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி பக்கத்துத் தெருவில் கிடந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நனைந்த தாள்களைத் தரையில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று "ஐயோ மாமா!" என்றாள். மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த நான் விழப் பார்த்தேன்.

"x = x + 1ன்னு தட்டாதீங்கன்னு ஒரு வரி இருந்துச்சு. அதயும் எடுத்துட்டேன். இப்போ உதாரணம் மட்டும் நிக்குது."

மற்ற பல மொழிகளில் அது எண்ணோடு ஒன்றைக் கூட்டும், அவ்வளவுதான். இந்த மொழியில் x எவ்வளவு என்று கேட்டால், x-ஐக் கண்டுபிடித்து ஒன்றைக் கூட்டு என்று பதில் வரும். அந்த x எவ்வளவு? மறுபடி அதே பதில். தட்டியவரின் கம்ப்யூட்டர் முடிவில்லாமல் தேடித் திணறி நின்றுவிடும். அந்த ஓர் அதட்டல் மட்டும் வேண்டிய அதட்டல்.

"ஊரே கூர இல்லாம கெடக்குது, ஒனக்கு ஒரு வரிதான் பெருசா?" என்று கத்திவிட்டேன்.

அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சோறு இறங்கவில்லை. மறுநாள், "சிதம்பரத்துல ஜெனரேட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஓடுதாம், போறேன்" என்று பையை எடுத்தாள். தனியாக விட மனமில்லாமல் நானும் கிளம்பினேன். வழியெல்லாம் சாய்ந்த மரங்கள், பஸ் ஊர்ந்தது. "வெளியிட்டிருப்பாங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் என்னத்தைக் கண்டேன்?

சென்டர் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று பலகை. ஒரு நிமிஷம் அதையே பார்த்தவள், கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பக்கங்கள் வெளியாகியிருந்தன. மெயிலில் யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'முதல் பாடத்திலேயே என் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. எதைத் தொட்டுக் கெடுத்தேன் என்று தெரியவில்லை. எனக்கு இதெல்லாம் சரிப்படாது. மன்னிக்கவும்.'

ஜெயராணியின் கண் நிறைந்துவிட்டது.

"மொதல்ல பக்கத்த சரி பண்ணு" என்றேன்.

"பக்கம் கெடக்கட்டும் மாமா."

அந்தப் பெண்ணுக்கு எழுதினாள்: 'நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. எச்சரிக்கையை எடுத்தது நான். தயவுசெய்து மறுபடி வாருங்கள்.' பிறகுதான் பக்கத்துக்குப் புது வரி எழுதி அனுப்பினாள்: 'இதைத் தட்டாதீர்கள். தட்டிவிட்டால் பயப்பட வேண்டாம், நிறுத்திவிட்டு மேலே படியுங்கள்.'

டீசல் தீரும்வரை பதிலுக்காக உட்கார்ந்திருந்தோம்.

கூரை போட்டாகிவிட்டது, கரண்டும் வந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் பதில் எழுதவேயில்லை. இன்றைக்கும் மெயிலைத் திறந்தால் ஜெயராணி முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.