மூன்று மொழியிலும் வயிற்றில்தான்

பொறாமை எங்கே இருக்கிறது என்று ஓசூரில் யாரைக் கேட்டாலும் வயிற்றைத்தான் காட்டுவார்கள். தமிழில் வயிற்றெரிச்சல், கன்னடத்தில் ஹொட்டெகிச்சு, தெலுங்கில் கடுபுமண்ட. எரிவது வயிற்றில், வெளியே வருவது கண் வழியாக. இதிலும் மூன்று மொழிக்காரர்களுக்குச் சண்டையில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எனக்கு நன்றாகவே எரிந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த நானும், வேப்பனப்பள்ளித் தெலுங்குக்காரி ஒருத்தியும் ஒரே கம்பெனியில் டிரெய்னிங், ஒரே அறையில் வாசம். எங்களில் ஒருத்தியைத்தான் பர்மனென்ட் ஆக்குவோம் என்றார்கள். அவளை ஆக்கினார்கள். அடிப்பாவி! அவளுக்கு சால்டரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் நீட்டிய மைசூர்பாகு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மாதக் கடைசியில் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். ஊரிலிருந்து அவள் அம்மா வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "கூடவே கீற கண்ணு" என்று முணுமுணுத்தார். யார் கண் பட்டதோ அவர்களுடைய காலடி மண்ணை எடுத்து, மிளகாய், உப்போடு சுற்றிப் போடுவது வழக்கம். எங்கள் அறையிலோ சிமெண்ட் தரை, மண்ணுக்கு எங்கே போவது? வாசலில் கிடந்த செருப்பின் அடியைச் சுரண்டினார். நானும் அவளும் ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கிய செருப்புகள். என்னுடையது என்று நினைத்து அவர் சுரண்டியது மகளுடையதை.

கரண்டி நெருப்பில் மிளகாய் கருகியது. ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம். "பாத்தியா!" என்று என்னைப் பார்த்தார் அம்மா. எனக்குச் சுருக்கென்றது.

"நல்லா பாருங்கம்மா, அது ஒங்க மக செருப்பு" என்றேன்.

கரண்டியோடு குனிந்து செருப்பைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

"ஆமா, என் கண்ணுதான்" என்றாள் அவள். "இவளுக்கு வேல கெடைக்கலன்னதும் இவங்கப்பா போன்ல கத்துனது பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு. 'போனா போகுது, வந்துரு தாயி'ன்னாரு. எங்க வூட்ல ஒருத்தர்கூட என்னை அப்படிக் கூப்புடல. கெடைக்கலன்னா வூட்டுப் பக்கம் வராதன்னுதான சொன்னீங்க?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, "வச்செய்யி தல்லி, வச்செய்யி" என்றார். வந்துவிடு தாயே, வந்துவிடு.

வேலையும் அவளுக்கு, இப்போது இதுவும் அவளுக்கா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.