கேட்காத நாடு

என் மகளுக்கு லண்டனில் அரசாங்க வேலை; நானும் அங்கே அவளோடுதான் இருக்கிறேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும் அபிவிருத்திப் பணத்தைக் கவனிப்பது. அன்றைக்கு மோல்டோவா என்ற நாட்டுக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை எனக்குக் கண் ஒப்பரேஷன். பெற்ற பிள்ளையிடம் வாயைத் திறந்து “நில்” என்று கேட்க எனக்கு வராது. அவளாக விளங்கிக்கொள்ளட்டும் என்று கட்டிலில் இருந்தேன்.

“அந்தக் காசு கைமாத்தோ?” என்றேன், பேச்சை வளர்க்க.

“இல்லை அம்மா, திருப்பித் தரத் தேவையில்லை. ஆனா அவையளும் தங்கட பங்கைப் போடவேணும். தண்ணிக் குழாய் எண்டால், ஒரு பகுதி முடிஞ்சதைப் பாத்துத்தான் மிச்சக் காசை விடுவம்.”

“அங்க தண்ணி இல்லையெண்டு தெரியும்தானே. நீங்களாப் போய்ப் போட்டால் என்ன?”

“ஏலாது. என்ன வேணுமெண்டு அவையள்தான் கேக்கவேணும். கேக்காத நாட்டுக்கு நாங்கள் என்னத்தைச் செய்யிறது?”

என்னைத்தான் குத்துகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, அவள் பாட்டுக்குச் சப்பாத்தைப் பையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்ப நானும் கேக்கிறன். ஒப்பரேஷனுக்கு நீ பக்கத்தில நிக்கவேணும்.”

அவள் கை நின்றது. “ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்? இப்ப பிளேன் ரிக்கற்றும் போட்டாச்சு அம்மா.”

“ஓம், ஓம். நீ போயிட்டு வா.”

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். கூட யார் வந்தது என்று தாதி கேட்டாள். மகள் பெரிய அரசாங்க வேலை, வெளிநாடு போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் நிமிர்ந்து இருந்து சொன்னேன்.