இடியோபதிக்

நியூ டவுனில் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்துவது என் பிழைப்பு. ‘இடியோபதிக்’ என்ற சொல் வாரம் இரண்டு முறையாவது கண்ணில் படும். காரணம் தெரியாத நோய் என்று பொருள். கிரேக்க வேரைப் பிடித்துப் போனால், தனக்குத் தானே வந்த நோய். நல்ல வசதியான சொல், யார் மேலும் பழி போடாது. தெரிந்த காரணங்களையெல்லாம் விசாரித்து, எதுவும் இல்லை என்றான பிறகே அதை எழுத வேண்டும். எத்தனையோ டாக்டர்களின் கட்டுரைகளில் இந்த விதியை ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அப்பாவின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்குவதாக ஸ்கேன் காட்டியபோது, அலிப்பூரில் ஒரு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். சிகரெட் உண்டா என்று கேட்டார். இல்லை. வீட்டில் புறா, கிளி? இல்லை. என்ன வேலை பார்த்தார்? அப்பா மூச்சைத் திரட்டி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஆபீஸ் வேலை, டாக்டர்.”

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கடைசி ஆறு வருடம் ஸ்டோர்ஸில் மேஜை போட்டு உட்கார்ந்தார். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் ஹவுராவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நீராவிக் குழாய்களுக்குச் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் நார் சுற்றினார்; நுரையீரலைத் தழும்பாக்கும் தூசி அது. அதை எங்கள் வீட்டில் வெளியே சொல்வதில்லை. இந்த ஊர்த் தமிழர்கள் பொங்கலுக்குக் கூடினால் முதல் கேள்வி “எந்த ஆபீஸ்?” என்பதுதான். அம்மா அவருடைய காக்கி உடுப்பைப் பால்கனியில் காயப்போட மாட்டாள். பாத்ரூமிலேயே தூசியை உதறித் துவைத்து, அங்கேயே கொடி கட்டிப் போடுவாள். மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் மாடி வீட்டு வங்காளி மாமி கேட்டாலும் ஆபீஸ்தான். பள்ளியில் சேரும்போதே எனக்குப் பழக்கிவிட்ட பதில் அது. நாற்பது வயதிலும் தானாக வந்தது. வெட்கங்கெட்ட வாய்.

டாக்டர் ரிப்போர்ட்டில் ‘இடியோபதிக்’ என்று எழுதினார். நான் அதைப் படித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் டாக்ஸியில் அப்பா கேட்டார். “என்னம்மா எழுதியிருக்கார்?”

“எதனால வந்ததுன்னு தெரியலையாம்ப்பா.”

“எனக்குத் தெரியுமே. என்கூடக் குழாய் சுத்தின ரெண்டு பேரும் இப்படித்தான் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாங்க. ஒரு எடத்துலயாவது எழுதி வைக்கட்டும்னுதான் நான் வந்தேன்.”

“அங்கயே சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீ ஆபீஸ்னு சொல்லிட்டியே. டாக்டர் முன்னால உன்னைப் பொய்க்காரி ஆக்கவா?”

அடுத்த மாதம் போகும்போது திருத்திவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த மாதம் வரை அவர் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரி கவுண்டரில் கொடுத்த இறப்புச் சான்றிதழில், பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து அதே சொல்லை எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழைகூட இல்லை. இது தப்பு, அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியவர் என்று பெங்காலியில் சத்தமாகச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். பின்னால் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

“இப்ப எதுக்குடி அதெல்லாம்? எல்லாரும் வந்திருக்காங்க. மெல்லப் பேசு.”

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.