மதினியும் ஸ்பெஷல் தமிழும்

ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போன அப்பா, வரிசையைப் பார்த்துச் சலித்துப்போய் வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டார். அம்மா சும்மா விடுவாளா? ராமநாதபுரத்துத் தமிழில் என்னென்ன வசவு உண்டோ அத்தனையும் வந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பெங்காலிச் சித்தி, அவர்கள் பாஷையில் மாசி, கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். சண்டை நின்றிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நிற்கவில்லை. பாதி வாக்கியத்தில் ஹிந்திக்கு மாறியது, அவ்வளவுதான். அம்மா மாசிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஹிந்தியில் திட்டினாள். அப்பாவும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். மாசி இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டு, தப்பு அப்பா மேல்தான் என்று தீர்ப்புச் சொல்லி, கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்ததும் சண்டை மறுபடி தமிழுக்கு வந்தது.

போர்ட் பிளேயரில், அதுவும் ஜங்லிகாட் மாதிரி நெரிசலான இடத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் வேடிக்கை ஒன்றும் தெரியாது. ஒரு சுவர் தள்ளினால் தெலுங்கு, இன்னொரு சுவர் தள்ளினால் பெங்காலி, மாடியில் மலையாளம். புரியாத ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது நம் மொழியில் பேசிக்கொண்டிருப்பது மரியாதையில்லை. அம்மா சொல்வாள்: "அது அவுக மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துற மாதிரிடி." யாரும் எங்களை உட்கார வைத்து இதைச் சொல்லித் தரவில்லை. செருப்பை வாசலில் கழற்றுவது போலத் தானாக வந்த பழக்கம்.

இந்தப் பழக்கம்தான் என் மதினியைக் கவிழ்த்தது. அப்போது அவள் எனக்கு மதினி இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி டிபன் பாக்ஸை ஒருத்தி காலி செய்துகொண்டிருந்த சிநேகிதி. அவளுக்கும் என் அண்ணனுக்கும் கல்யாணம் ஆன அன்றைக்கு, "இனிமே அவளைப் பேரைச் சொல்லிக் கூப்புட்ட, பல்லு இருக்காது பாத்துக்க" என்று அம்மா சொன்னாள். அதனால் இங்கேயும் பெயர் கிடையாது. மதினி என்றே எழுதுகிறேன். பல் முக்கியம்.

நாங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த வருடம், எங்கள் பள்ளியில் தமிழ் இரண்டாகப் பிரிந்தது. வழக்கமான பாடம் ஒன்று. பழைய இலக்கியம், கட்டுரை, திறனாய்வு, கடைசியில் நேருக்கு நேர் உரையாடல் தேர்வு என்று கனமான பாடம் இன்னொன்று. பள்ளி அதற்குப் பெரிதாக ஏதோ பெயர் வைத்திருந்தது. நாங்கள் ஹோட்டல் தோசை மாதிரி சாதாத் தமிழ், ஸ்பெஷல் தமிழ் என்றே சொன்னோம். ஸ்பெஷலை எடுக்க யாருக்குப் பைத்தியமா? மார்க் குறையும் என்று ஆளாளுக்கு ஓடினார்கள். மதினி மட்டும் முதல் நாளே போய் நின்றாள். அவளுக்காக நானும் நின்றேன்.

அவளுக்கு அது வெறும் பாடமில்லை. மெயின்லேண்டில் ஒரு பெண்கள் கல்லூரி, தமிழ் பி.ஏ.வில் தீவுப் பிள்ளைகளுக்காக ஓர் இடம் வைத்திருந்தது. விடுதியும் சாப்பாடும் இலவசம். ஸ்பெஷல் தமிழில் சிறப்புத் தேர்ச்சி வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மதினியின் அப்பா ஆட்டோ ஓட்டினார். வாய் கொஞ்சம் கறார். "சீட்டுக் கெடச்சாக் கப்பல் ஏத்தி விடுறேன். கெடைக்கலன்னா மாப்புள பாக்குறேன். ரெண்டுல ஒண்ணு" என்று சொல்லிவிட்டார். இங்கேயே படிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவளுக்குக் கப்பலேறிப் போக வேண்டும். பிறந்ததிலிருந்து மெயின்லேண்டை அவள் பார்த்ததே இல்லை. "அங்க பஸ் கண்டக்டர் கூடத் தமிழ்லயே டிக்கெட் கேப்பாராம்டி. தெருவுல யாரைப் பாத்தாலும் எந்தப் பாஷைன்னு யோசிக்கவே வேணாமாம். அப்பிடி ஒரு ஊர்ல ஒரு நாளாச்சும் இருந்து பாக்கணும்" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் கண் பளபளக்கும். எனக்கோ, கண்டக்டர் எந்தப் பாஷையில் கேட்டாலும் காசு காசுதானே என்று இருக்கும்.

வகுப்புக்கு ஆள் போதவில்லை. இன்னும் ஒருவர் சேராவிட்டால் ஸ்பெஷல் தமிழே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தமிழ் டீச்சர் முகம் செத்துப்போனது. மதினி அன்று சாயங்காலமே விடுதிக்குப் போய், அங்கே தங்கிப் படித்த ஒரு கார் நிக்கோபார்ப் பெண்ணைப் பிடித்தாள். அந்தப் பெண்ணின் அப்பா தன் ஊரில் ஒரு தமிழர் கடையில் வேலை பார்த்தவர். கடையிலேயே வளர்ந்ததால் அவளுக்கு அரிசி, பருப்பு, எவ்வளவு, நாளைக்கு வா என்ற அளவில் தமிழ் தெரியும். பத்தாவது வரை எப்படியோ தமிழை ஒப்பேற்றியிருந்தாள். ஸ்பெஷல் என்றதும், "நஹீ யார், மர் ஜாவூங்கி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். செத்துவிடுவேன் என்கிறாள், பாவம். மதினி விடவில்லை. "மே(ங்) ஹூ(ங்) நா" என்று தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள். நான் இருக்கிறேன் இல்லையா! அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் வந்து சேர்ந்தாள். வகுப்பும் பிழைத்தது.

இரண்டு வருடமும் மதினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பழைய பாட்டுகளை எங்களுக்கு டீச்சர் சொல்லித்தந்தார் என்றால், நிக்கோபார்க்காரிக்கு மதினி ஹிந்தியில் சொல்லித்தந்தாள். நெய்தல் திணை நடத்திய அன்றைக்கு, "இதை என்னத்தப் புதுசாப் படிக்கிறது? காலையில எந்திரிச்சா வாசலுக்கே வந்து நாறுது" என்று மீன் இறங்கும் ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, கைகாட்டினாள். டீச்சர் கூடச் சிரித்துவிட்டார். ஆனால் அதே வாயால், பிரிந்துபோனவனுக்காகக் கரையில் காத்திருப்பவளைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். ஹிந்தியும் இங்கிலீஷும் ஒட்டாத தமிழ் எங்கள் யாருக்கும் அப்படி வராது. சீட்டு அவளுக்குத்தான் என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டார்.

உரையாடல் தேர்வுக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், நல்ல மனிதர். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, அவர் கொடுக்கும் விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர்கள் சுவரோரப் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஜோடியை நாங்களே சேர்த்துக்கொள்ளலாம். நிக்கோபார்க்காரியோடு உட்கார ஒருவரும் முன்வரவில்லை. கூட இருப்பவர் தடுமாறினால் நம் மார்க்கும் சேர்ந்து போகும் என்ற பயம். மதினி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அவர்களுக்குக் கிடைத்த விஷயம், தீவில் குடிநீர். மதினி ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வராத நாட்கள், குடத்தோடு நிற்கும் வரிசை, சுற்றிலும் கடல் இருந்தும் தவிக்கும் வாய் என்று ஆற்றொழுக்காகப் போனது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் நிக்கோபார்க்காரியின் முறை வந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. மதினி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்த அடுத்த நொடியே, "போல் நா, ஹிந்தி மே போல், மே(ங்) பதா தூங்கீ" என்றாள். நீ ஹிந்தியில் சொல்லு, நான் எடுத்துச் சொல்கிறேன் என்று! அந்தப் பெண்ணும் கடகடவென்று சொன்னாள். மதினி ஹிந்தியிலேயே இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டு பேரும் தேர்வையே மறந்து, ஜெட்டியில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் மேசையைத் தட்டினார். அப்போதுதான் மதினிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது தமிழ்த் தேர்வும்மா. வேற மொழி வந்தா நான் மார்க் போட முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவளைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ நல்லாப் பேசுற. முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். வேணும்னா ஜோடியை மாத்திக்க. அந்தப் பெஞ்சுல இருந்து யாரையாவது கூப்பிடு" என்றார்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவளும் நானும் இதே மாதிரிப் பேச்சை வீட்டில் எத்தனையோ தடவை பேசிப் பார்த்திருக்கிறோம். நான் போய் உட்கார்ந்திருந்தால் சிறப்புத் தேர்ச்சி, கல்லூரி, கப்பல் எல்லாம் அவள் கையில். நிக்கோபார்க்காரி தானாகவே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் பார்த்தாள். மதினி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். என்னைப் பார்த்து, உட்காரு என்று தலையசைத்தாள்.

"வேணாம் சார். இவளோடதான் பேசுவேன்."

மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒரு சொல் ஹிந்தி வரவில்லை. ஆனால் முன்பு பேசிய தமிழும் வரவில்லை. கடைத்தெருத் தமிழில், சின்னச் சின்னதாகக் கேட்டாள்.

"உங்க ஊர்ல தண்ணிக்கு என்ன செய்வீங்க?"

"மரம்ல ஓலை கட்டும். மழை வரும்."

"வந்தா?"

"தண்ணி ஓலைல இறங்கும். கீழ பானை வைக்கும்."

"பானை பெருசா, சின்னதா?"

"பெரிசு! ரொம்பப் பெரிசு!" கையை விரித்துக் காட்டிய நிக்கோபார்க்காரியின் முகத்தில் ஒரு சிரிப்பு. இரண்டு வருடத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. நேரம் முடியும்வரை இப்படியேதான் போனது. மனப்பாடம் செய்து வைத்திருந்த மேற்கோள் ஒன்றைக்கூட மதினி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எதிரில் இருப்பவள் மறுபடி ஊமையாகியிருப்பாள்.

"உனக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குப் புரியுதும்மா. ஆனா கடைசியாப் பேசினதுக்குத்தான் நான் மார்க் போட முடியும்" என்றார் பெரியவர். வெளியே வந்ததும் டீச்சர், "புத்தி இருக்காடி உனக்கு?" என்று கேட்டு அழுதேவிட்டார். மதினி, "பழக்கம் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

நிக்கோபார்க்காரி தேறிவிட்டாள். மதினியும் தேறினாள், சாதாவாக. சீட்டு வேறு பள்ளிக்குப் போனது. அவள் அப்பா சொன்னது சொன்னபடி மாப்பிள்ளை பார்த்தார். எங்கள் அண்ணன் அப்போது ஜங்லிகாட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை போட்டிருந்தான். தெரிந்த குடும்பம், நல்ல பையன், முடிந்தது கதை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். இன்று அந்தப் பட்டறையோடு சேர்ந்த உதிரிபாகக் கடையை நடத்துவது மதினிதான். தெலுங்குக்காரனிடம் தெலுங்கு, பெங்காலியிடம் பெங்காலி. அண்ணன் எஞ்சினோடு மட்டும் பேசுவான். நிக்கோபார்க்காரி தன் ஊரில் நர்ஸாக இருக்கிறாள். போர்ட் பிளேயர் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதையை யாராவது எடுப்போம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள் என்று முடிப்போம். மதினி சிரித்துவிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவாள். அவளுக்கு அதில் வருத்தம் உண்டா என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் மகள் அதே பாடத்தில் அதே தேர்வு எழுதுகிறாள். அவளுக்கும் மெயின்லேண்டு ஆசை. போன வாரம் காலையில் நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, மதினி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜோடியாக உட்காரப்போவது, தமிழ் சுமாராக வரும் ஒரு தெலுங்குப் பெண்ணாம்.

"பேசுறப்ப அவ மொகத்தைப் பாக்காத. அவ திக்கினா திக்கட்டும். சாரை மட்டும் பாரு, ஒனக்குத் தெரிஞ்சதைப் பேசிட்டு எந்திரிச்சு வா. வெளங்குதா?"

மகள் தலையாட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன். "என்ன மதினி, நீயா இதைச் சொல்லுற? அன்னைக்குப் பண்ணுனதுக்கு இப்ப வருத்தப்படுறியா?"

சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வருத்தம் இல்லாம இருக்குமாடி? இன்னைக்கும் கப்பல் ஊதுனா வேலையை விட்டுட்டுக் கடை வாசல்ல வந்து நிப்பேன்."

"அப்ப, திரும்பவும் அந்த ரூம்ல ஒன்ன உக்கார வச்சா?"

"அதையேதான் பண்ணுவேன்" என்றாள். "அவ மொகத்தைப் பாத்துட்டா வேற என்ன பண்ண முடியும்? அதனாலதான் இவகிட்ட, மொகத்தைப் பாக்காதங்குறேன்."